பயணச்சீட்டும் கள்ளாமை நோன்பும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கள்ளாமை என்னும் நோன்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது தங்களைப் பற்றிய பேச்சன்று என்ற எண்ணமே கேட்போர் பலருக்கும் முதலில் தோன்றும். பூட்டை உடைப்பவனும் பொருளைப் பறிப்பவனும் வேறு யாரோ. சிராவகர் வீட்டில் பிறந்தவர் பிறர் வீட்டுத் துரும்பையும் தொடார். இந்த நம்பிக்கை பெரும்பாலும் உண்மையானதே. ஆயினும் ஆகமங்கள் கள்ளாமையை வகுத்துரைத்தபோது பூட்டையும் கன்னக்கோலையும் மட்டும் கருதவில்லை. நகரத்தில் நாள்தோறும் பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் ஏறி இறங்கும் ஒவ்வொருவரும் இந்நோன்பைக் காக்கிறார், இல்லையேல் மீறுகிறார். ஐந்து ரூபாய்ப் பயணச்சீட்டு ஒன்றே அதற்குச் சான்று. இன்றைய உரை அந்தச் சிறிய சீட்டைப் பற்றியது.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் உழுதொழில் நடத்தி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுள் பல, கல்வியையும் பணியையும் நாடிச் சென்னைக்கு வந்து குடியேறியுள்ளன. ஊரில் வாழ்ந்தவரை ஒருவரையொருவர் அறியாதார் இலர். ஒருவர் வரப்பை மற்றொருவர் ஒரு சாண் வெட்டினாலும் மறுநாள் ஊரே அறியும். நகரத்தில் அந்நிலை இல்லை. நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் பெயரும் தெரியாது. நாளை அவரைக் காணப்போவதும் இல்லை. அறிந்தவர் கண்ணுக்கு அஞ்சி நிற்கும் ஒழுக்கம் எது, நோன்பினால் நிற்கும் ஒழுக்கம் எது என்பதை நகரமே பிரித்துக் காட்டிவிடுகிறது.

சென்னை மாநகரப் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். தொலைவில் நிற்பவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டி, இறங்கும் இடத்தைச் சொல்லி, அடுத்து நிற்பவரிடம் கொடுப்பார். அத்தாள் ஐந்தாறு கைகள் மாறி நடத்துநரை அடையும். பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வரும். இடையில் நின்றவர் எவரும் அறிமுகமானவர் அல்லர். ஆயினும் ஒரு ரூபாயும் குறைவதில்லை. கள்ளாமை என்னும் அறம் எளிய மக்களின் கைகளில் எத்துணை இயல்பாகக் குடியிருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல காட்சி வேண்டுவதில்லை.

அதே பேருந்தில், அந்த நெரிசலையே மறைவாகக் கொண்டு சீட்டு வாங்காமல் இறங்கிவிடுபவரும் உண்டு. பிறர் பணத்தை ஒரு காசும் குறையாமல் கைமாற்றிக் கொடுத்த அதே கை, தன் கட்டணத்தை மட்டும் கொடாமல் பைக்குள் திரும்புகிறது. அவரைக் கள்வர் என்று எவரேனும் சொன்னால் அவர் வெகுண்டெழுவார். பிறர் பணத்தைத் தொடக் கூசுபவர், பிறர் உழைப்பையும் பொதுப் பொருளையும் விலையின்றிக் கொள்ளக் கூசாதிருப்பது எதனால்? களவு என்பதற்கு உலகம் கொள்ளும் பொருளும் அருகர் அறம் கொள்ளும் பொருளும் ஒன்றல்ல என்பதை அவர் எண்ணிப் பாராததே காரணம்.

உலகம் களவை இழந்தவன் பக்கத்திலிருந்து பார்க்கிறது. யார் எதை இழந்தார், எவ்வளவு இழந்தார் என்பதே அதன் வினா. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் களவை விளக்கும்போது, இழந்தவனை நோக்கவில்லை, எடுத்தவனையே நோக்குகிறார். தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றை மனச்சோர்வினாலும் ஆசையினாலும் எடுத்துக்கொள்வதே களவு என்பது அவர் விளக்கத்தின் சாரம். அவ்விளக்கத்தில் இழப்பின் அளவுக்கு இடமில்லை. பொருளின் சிறுமை பெருமைக்கும் இடமில்லை. கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படவில்லையா என்பது ஒன்றே வினா.

இவ்வினாவைத் துறவியரும் இல்லறத்தாரும் ஒரே அளவில் ஏற்பதில்லை. மாவிரதம் பூண்ட முனிவர், ஒருவர் தாராமல் ஒரு பிடி மண்ணையும் எடுப்பதில்லை. அவர் ஊர்திகளில் ஏறுவதுமில்லை, நடந்தே செல்கிறார். ஆகவே பயணக் கட்டணம் என்னும் கேள்வியே அவருக்கு எழுவதில்லை. இல்லறத்தார்க்கோ அணுவிரதம். ஊருணியின் நீரும் ஆற்று மணலும் எல்லார்க்கும் பொதுவாக விடப்பட்டவை என்பதால், அவற்றைத் தம் தேவைக்குச் சிறிது எடுத்தல் அவர்க்குக் களவாகாது என்று உரையாசிரியர்கள் தளர்வு அளித்துள்ளனர்.

அப்படியாயின் பேருந்தும் பொதுவானதுதானே, மக்கள் வரிப்பணத்தில் வாங்கியதுதானே என்று சிலர் கேட்கலாம். ஊருணி நீர் நிபந்தனையின்றி விடப்பட்டது. பேருந்தின் இருக்கை அவ்வாறு விடப்படவில்லை. இன்ன தொலைவுக்கு இன்ன கட்டணம் என்று வகுக்கப்பட்டு, அதனைச் செலுத்துபவர்க்கே அது கொடுக்கப்படுகிறது. கட்டணம் செலுத்திய கணத்தில் இருக்கை ‘கொடுக்கப்பட்டது’ ஆகிறது. செலுத்தாதவரை அது ‘கொடுக்கப்படாதது’. பயணச்சீட்டு என்னும் தாள், கொடுத்ததற்கும் கொண்டதற்கும் இடையே உள்ள ஒப்புதலின் அடையாளம். பொது என்பதற்கு உரிமையாளர் இல்லை என்பது பொருளன்று. எல்லாரும் உரிமையாளர் என்பதே பொருள். ஒருவர் வீட்டில் எடுத்தவர் ஒருவருக்குக் கடன்பட்டார். பொதுவில் எடுத்தவர் எல்லார்க்கும் கடன்பட்டார்.

இக்களவு மிகச் சிறியது, அணுவிரதத்தில் இதற்கு விலக்கு உண்டு என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இல்லறத்தார் விலக்க வேண்டிய பருங்களவு எது என்பதற்கு முன்னோர் கூறிய அடையாளங்களுள் ஒன்று, அது அரச தண்டனைக்கு உரியதாக இருத்தல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 178ஆம் பிரிவில், சீட்டின்றிப் பேருந்தில் செல்பவர்க்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், 137ஆம் பிரிவில், ஏமாற்றும் கருத்துடன் சீட்டின்றிப் பயணம் செய்பவர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அரசு தண்டிக்கும் செயலை நுண்ணிய குற்றம் என்று ஒதுக்கிவிட இயலாது.

கள்ளாமை நோன்பைப் பூண்டவர் நழுவக்கூடிய வழுக்கள் ஐந்து என்று ஆகமம் கூறுகிறது. இவற்றை அதிசாரங்கள் என்பர். வடமொழியில் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு இவற்றை எடுத்துரைக்கின்றன. பழங்கால வணிகத்தையும் அரசாட்சியையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அவ்வைந்தும், இன்றைய பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் ஒன்று விடாமல் காணப்படுவது வியப்புக்குரியது.

முதலாவது, களவுக்குத் தூண்டுதலும் வழி கூறுதலும். தான் கட்டணம் செலுத்திவிட்டு, “இந்த நேரத்தில் பரிசோதகர் வரமாட்டார், அந்தப் பக்கத்துப் படி வழியாக இறங்கிவிடலாம்” என்று நண்பர்க்குச் சொல்லிக்கொடுப்பவர் இவ்வழுவில் விழுகிறார். பரிசோதகர் எந்த நிலையத்தில் நிற்கிறார் என்று கைப்பேசிக் குழுவில் செய்தி அனுப்புபவரும் அவ்வாறே. அவர் கையில் முறையான மாதச் சீட்டு இருக்கலாம், நோன்பு இல்லை.

இரண்டாவது, களவினால் வந்ததைக் கொள்ளுதல். பதினைந்து ரூபாய்க் கட்டணத்துக்கு எட்டு ரூபாயை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடாமல் விடும் நடத்துநர் எங்கேனும் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு அப்பணத்தை நீட்டுபவர் தமக்கு ஏழு ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறார். அது நிறுவனத்திடமிருந்து நடத்துநர் களவாடிய பயணம். அதைப் பாதி விலைக்குப் பயணி வாங்கிக்கொள்கிறார். முன்னர்க் கூறிய 178ஆம் பிரிவு பயணியை மட்டும் தண்டிப்பதில்லை. கட்டணத்தை வாங்கத் தவறும் நடத்துநரையும், சீட்டுத் தராத நடத்துநரையும், குறைந்த மதிப்புள்ள சீட்டைத் தரும் நடத்துநரையும் தண்டிக்கிறது. இரு கைகள் சேர்ந்தே இவ்வோசை எழுகிறது என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது.

மூன்றாவது, நாட்டின் முறைக்கு மாறாக நடத்தல். அரசு விதித்த தீர்வையைச் செலுத்தாமல் எல்லையைக் கடப்பது இதற்குப் பழைய உரைகள் தரும் விளக்கங்களுள் ஒன்று. சுங்கச் சாவடியைச் சுற்றிக்கொண்டு காட்டு வழியே வண்டியை ஓட்டிய வணிகனும், பயணச்சீட்டு வழங்குமிடத்தை ஏறிட்டும் பாராமல் நடைமேடைக்குச் சென்று வண்டியில் ஏறுபவரும் ஒரே செயலையே செய்கின்றனர்.

நான்காவது, குறைத்தளத்தலும் மிகுத்தளத்தலும். விற்கும்போது ஒரு படியும் வாங்கும்போது வேறொரு படியும் வைத்திருத்தல். மாம்பலம் வரைக்கும் சீட்டு எடுத்துத் தாம்பரம் வரை செல்பவர், கொடுக்கும் அளவில் ஒரு படியும் கொள்ளும் அளவில் மற்றொரு படியும் வைத்திருக்கிறார். கையில் சீட்டு இருப்பதால் அவர் மனம் உறுத்துவதில்லை. அளவில் செய்த களவுக்கு அந்தச் சீட்டே திரையாகிறது.

ஐந்தாவது, போலியைக் கலந்து நடத்தல். நெய்யில் வேறு கொழுப்பைக் கலப்பதும் கள்ள நாணயத்தைச் செலுத்துவதும் அக்காலத்து எடுத்துக்காட்டுகள். படிப்பு முடிந்தபின்னும் மாணவர்க்குரிய சலுகை அட்டையைக் காட்டுதல், மூத்தோர்க்கென வழங்கப்பட்ட இலவசச் சீட்டை வீட்டிலுள்ள இளையோர் பயன்படுத்துதல், ஒருவர் பெயரிலுள்ள சீட்டில் இன்னொருவர் செல்லுதல் ஆகியன இக்காலத்தின் போலிகள். இவற்றில் கள்ளாமையோடு பொய்யாமையும் சேர்ந்து அழிகிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அரசு மனமுவந்து கொடுத்ததை ஏற்பதில் எவ்வழுவும் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அது அவர்க்குக் கொடுக்கப்பட்டது. ஆதலால் களவன்று, கூச்சமும் வேண்டுவதில்லை. ஆயினும் அதற்கும் ஒரு சீட்டு உண்டு. மகளிர் பயணத்துக்கு ஈடான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு வழங்குகிறது. ஆகவே விலையில்லாச் சீட்டையும் கேட்டு வாங்குவது கணக்கை மெய்யாக்கும் செயல். காசு கொடாதபோதும் கணக்குக்கு உண்மையாக இருத்தல் நோன்பின் நுட்பம்.

கட்டணம் செலுத்தாதவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் பல. அவற்றையும் அநேகாந்த நோக்கில், அதாவது ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் பார்க்கும் நோக்கில், ஆராய்தல் தகும்.

“ஏறினாலும் ஏறாவிட்டாலும் பேருந்து ஓடத்தான் போகிறது, யாருக்கு இழப்பு?” என்பது ஒன்று. பயணியின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் இது சரி போலத் தோன்றும். நடத்துநரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். நாள் முடிவில் சீட்டுக்கணக்குக்கும் பணத்துக்கும் ஒரு ரூபாய் குறைந்தாலும் அதை அவரே ஈடுகட்ட வேண்டும். வழியில் பரிசோதகர்கள் ஏறிச் சீட்டில்லாத பயணியைக் கண்டால், பயணி அபராதம் கட்டி இறங்கிப் போய்விடுவார். நடத்துநர் விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். எவருக்கும் இழப்பில்லாக் களவு என்று கருதப்பட்டது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் ஊழியரின் பணிப்பதிவேட்டில் கறையாகப் படிகிறது.

“வண்டி நேரத்துக்கு வருவதில்லை, நிற்க இடமில்லை, இதற்குக் கட்டணம் வேறா?” என்பது மற்றொன்று. குறை உண்மையாகவே இருக்கலாம். குறையைச் சொல்லும் உரிமை கட்டணம் செலுத்தியவர்க்கு முழுமையாக உண்டு. செலுத்தாதவரோ குறை கூறும் வாயைத் தாமே அடைத்துக்கொள்கிறார். முறையீடு வெளிப்படையாகச் செய்யப்படுவது. களவு மறைவாகச் செய்யப்படுவது. சினத்தால் செய்த களவும் களவே. அதில் சினம் என்னும் கஷாயமும் கூடிக்கொள்கிறது.

“பெரியவர்கள் கோடி கோடியாகக் கொள்ளையடிக்கும் நாட்டில் ஐந்து ரூபாய் ஒரு பொருட்டா?” என்பது இன்னுமொன்று. பிறர் கட்டிக்கொண்ட வினை அவரையே சேரும். அதனால் தம் வினை குறைவதில்லை. ஒருவர் வினைக்கணக்கை மற்றொருவர் வினையைக் காட்டிக் கழித்துக்கொள்ள அருகர் அறத்தில் வழியில்லை. மேலும், ஐந்து ரூபாய் சிறிதென்றால் அதைக் கொடுப்பதும் எளிதன்றோ? கொடுக்கும்போது பெரிதாகவும் கொள்ளும்போது சிறிதாகவும் தோன்றுமாயின், அங்கே மாறுவது பணத்தின் அளவன்று, மனத்தின் அளவு.

சிலர் அபராதத்தையும் கணக்கிட்டுப் பார்க்கின்றனர். ஐந்து ரூபாய்க் கட்டணத்தை நூறு முறை செலுத்தாமல் விட்டால் 500 ரூபாய் மிச்சம். ஒரு முறை பிடிபட்டாலும் கணக்குச் சரி. அச்சத்தின்மேல் மட்டும் கட்டப்படும் ஒழுங்கு எவ்வளவு மெல்லியது என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ இரயிலில் சீட்டைக் காட்டினாலன்றித் திறவாத வாயில்கள் உள்ளன. 1931ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்தொடர் வண்டியின் நிலையங்களில் அத்தகைய வாயில்கள் இல்லை. பரிசோதகரைக் கண்டபின் கைப்பேசியில் சீட்டு எடுத்துத் தப்பிக்கும் வழக்கத்தைத் தடுக்க, நிலைய எல்லைக்குள் நின்று செயலியில் நேரடியாகச் சீட்டு எடுக்க இயலாதவாறு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. மூடிய வாயிலின்முன் எல்லாரும் நேர்மையாளரே. திறந்த வாயிலின்முன் தான் நோன்பு தொடங்குகிறது. வாயில் இல்லாத இடத்திலும் தனக்குத்தானே ஒரு வாயிலை அமைத்துக்கொள்வதற்குப் பெயரே விரதம்.

இனி, இவ்வவையிலுள்ள பெற்றோர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்று உண்டு. நல்ல குடும்பங்களில் கட்டண ஏய்ப்பு பெரும்பாலும் குழந்தையின் வயதில்தான் நுழைகிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 3 வயது வரை இருந்த இலவசப் பயணம் 2022ஆம் ஆண்டில் 5 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குமேல் 12 வயது வரை அரைக் கட்டணம். இரயிலிலும் 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை. 12 வயதுக்குட்பட்டவர்க்கு, தனிப் படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம். விதிகள் இத்துணைத் தெளிவாக இருந்தும், திருத்தலப் பயணம் புறப்படும் குடும்பத்தில்கூட ஆறு வயது நிறைந்த குழந்தை பேருந்தில் ஏறியதும் நான்கு வயதுக் குழந்தையாகிவிடுகிறது. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழைக் காட்டி, ஒரு நாளும் குறையாமல் வயதை மெய்ப்பித்த பெற்றோரே, நடத்துநரிடம் இரண்டு ஆண்டுகளைக் குறைத்துவிடுகின்றனர்.

குழந்தைக்குத் தன் வயது தெரியும். “எனக்கு ஆறு முடிந்துவிட்டதே, அம்மா!” என்று அது உரக்கச் சொல்லிவிடும். அப்போது அதன் தொடையில் விழும் மெல்லிய கிள்ளல், அதன் வாழ்நாளின் முதல் அறப்பாடமாக அமைந்துவிடுகிறது. உண்மை சொன்னால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. வீட்டில் நமோகாரம் சொல்லிக்கொடுத்த வாயே பேருந்தில் பொய் சொல்வதை அது பார்த்துவிடுகிறது. மறுமுறை அது தானாகவே “நான்கு” என்று சொல்லும். பெரியவர்கள் அதன் சாமர்த்தியத்தைக் கண்டு சிரிப்பார்கள்.

வினை மூன்று வழிகளில் வந்து சேரும் என்பது ஆகமம்: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல். தந்தை பொய்யுரைக்கிறார், குழந்தையைப் பொய்யுரைக்கச் செய்கிறார், தாத்தாவும் பாட்டியும் புன்னகைத்து உடன்படுகின்றனர். ஒரே இருக்கையில் மூன்று வழிகளிலும் வினை ஊற்றெடுக்கிறது. மிச்சமானதோ ஓர் அரைக் கட்டணம். அந்தக் குழந்தை வளர்ந்து நாளை அலுவலகத்தில் கணக்கை மாற்றி எழுதும்போது, அதற்கு அதை யார் கற்றுக்கொடுத்தார் என்று வியப்பவர்கள், பழைய பேருந்துப் பயணத்தை நினைவுகூர மாட்டார்கள். மாறாக, “குழந்தைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, அரைச் சீட்டு கொடுங்கள்” என்று கேளாமலே சொல்லும் தாய், எந்தச் சொற்பொழிவாலும் தர இயலாத அறநெறிக் கல்வியை அந்தக் கணத்தில் தந்துவிடுகிறார். அச்சீட்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவது இன்னும் நன்று. தன் பெயரால் ஒரு கடன் தீர்க்கப்பட்டது என்னும் பெருமிதம் அதற்கு உண்டாகும்.

கள்ளாமை அணுவிரதத்துக்கு எடுத்துக்காட்டாக ஆசாரியர்கள் காட்டுவது வாரிசேணனின் வரலாறு. இராசகிருகத்து மன்னர் சிரேணிகருக்கும் அரசி சேலினிக்கும் மைந்தன் அவன். சதுர்த்தசி நாளில் உண்ணாநோன்பு பூண்டு, இரவில் இடுகாட்டில் காயோத்சர்க்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கணிகையின் ஆசைக்காக மணிமாலை ஒன்றைத் திருடிய கள்வன், காவலர் துரத்தி வர, அம்மாலையை வாரிசேணன் அருகே எறிந்துவிட்டு மறைந்தான். இளவரசனே கள்வன் என்று காவலர் முறையிட, மன்னர் மகன் என்றும் பாராது கொலைத்தண்டம் விதித்தார். ஓங்கிய வாள் அவன் கழுத்தில் மலர்மாலையாக விழுந்தது என்பது வரலாறு.

இவ்வரலாற்றில் கருதத்தக்க குறிப்பு ஒன்று உண்டு. திருடியவன் வேறு, வாள் ஓங்கப்பட்டது திருடாதவன்மேல். கட்டண ஏய்ப்பிலும் இதுவே நிகழ்கிறது. ஏய்ப்பவர் மாலையை எறிந்துவிட்டு மறைந்துவிடுகிறார். அது போய் விழுவது நேர்மையாளரின் காலடியில். எல்லாரையும் ஐயுற்று நிறுத்திச் சீட்டைக் கேட்கும் சோதனை அவர்க்கு. குறைந்த வருவாயால் பழுதுபார்க்கப்படாத வண்டி அவர்க்கு. விளக்கக் கடிதம் நடத்துநர்க்கு. வாரிசேணனுக்கு வாள் மலராயிற்று. எளிய மக்களுக்கு அவ்வற்புதம் நிகழ்வதில்லை. ஆகவே மாலையைத் திருடாமலிருப்பது ஒன்றே அவர்களைக் காக்கும் வழி.

அதே வாரிசேணன், நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றான நிலைநிறுத்தலுக்கும் எடுத்துக்காட்டாவான். துறவு பூண்டபின் மனம் தளர்ந்த நண்பர் புஷ்படாலரை இகழாமல் நெறியில் மீண்டும் நிறுத்தியவன் அவன். பிறர் குற்றத்தைப் பறைசாற்றாமல் மறைத்துத் திருத்தும் உபகூகனமும் அவ்வெட்டனுள் ஒன்று. கட்டணம் செலுத்தும் சிராவகர் கைக்கொள்ள வேண்டியது இந்நெறியே. சீட்டெடுக்காத ஏழை உழைப்பாளியைக் கண்டு எள்ளுவதற்காக நோன்பு வகுக்கப்படவில்லை. கையில் காசில்லாமல் தவிப்பவர்க்கு ஒரு சீட்டை வாங்கிக் கொடுத்துவிடுவது தானம். அவரைக் காட்டிக்கொடுத்து மகிழ்வது தானமும் அன்று, நோன்பும் அன்று. வீட்டிலுள்ள இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து சீட்டின்றிப் பயணம் செய்தது தெரியவந்தால், விருந்தினர்முன் அதைச் சொல்லிக் குனியவைக்காமல், தனியே அழைத்து ஒரு மாதச் சீட்டை வாங்கிக் கொடுப்பதே நிலைநிறுத்தல்.

மனமாரச் செய்யாத தவறுகளும் நேர்வதுண்டு. கூட்டத்தில் கை எட்டாமல் நிறுத்தம் வந்துவிடும். சில்லறையைத் தேடுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஏய்க்கும் எண்ணம் இல்லாததால் அது களவின் முழுக் கனத்தையும் பெறாது. ஆனால் இறங்கியபின், ‘தப்பித்தது ஐந்து ரூபாய்’ என்று மனம் மகிழுமாயின் அந்தக் கணத்தில் அது களவாகிவிடும். அதற்கு எளிய கழுவாய் உண்டு. மறுமுறை அதே வழியில் செல்லும்போது இரண்டு சீட்டுகள் வாங்கி, ஒன்றைக் கிழித்துவிடலாம். நிறுவனத்துக்கு அதன் பணம் சேர்ந்துவிடும். எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டுவதில்லை. எவரும் பாராட்டப்போவதும் இல்லை. நாளின் முடிவில் செய்யும் பிரதிக்கிரமணத்தில் வாயால் சொல்லும் வருத்தம், மறுநாள் அக்கிழிந்த சீட்டில் செயலாக நிறைவுறும். தசலட்சண நாள்களில், ஆண்டு முழுவதும் விடுபட்ட சீட்டுகளை எண்ணிப் பார்த்து இவ்வாறு தீர்த்துவிடுவதைக் குடும்பங்கள் ஒரு வழக்கமாகவே கொள்ளலாம்.

தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் சிலரே. பெரிய மாளிகைகளாலோ ஆரவாரமான ஊர்வலங்களாலோ அவர்தம் அறம் தமிழ்நாட்டில் அறியப்பட்டதில்லை. இரவில் உண்ணாதவர், உயிர்க்கு ஊறு செய்யாதவர், சொன்ன சொல் தவறாதவர் என்று அக்கம்பக்கத்தார் கூறிய நற்சொல்லாலேயே அறியப்பட்டது. அந்நற்சொல் சிற்றூரின் தெருவில் ஈட்டப்பட்டது. இன்று அவர்கள் பிள்ளைகள் வாழும் தெரு, கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் பேருந்தும் கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியுமே. அங்கே அவர்களைச் சமணர் என்று எவரும் அறியார். எவரும் அறியாத அவ்விடத்தில், எவரும் கேளாமலே, உரிய கட்டணத்தை எடுத்து நீட்டும் கையில் பெருமான் மகாவீரரின் அறம் உயிரோடிருக்கும்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!